ஒரு மெட்ராஸ், ஒரு நான்

பதினொன்று நாற்பதுக்கு
உப்பு லாரியை யார்டில் விட்டேன்.
ஒன்பது டன் உப்பை
சண்டர்லாந்தின் மேட்டுச் சாலைகளில் தூவிவிட்டு
பசியோடு இறங்குகிறவளுக்கு
இந்த நேரத்தில் எரியும் விளக்கு ஒன்றுதான்,
மொஷாயித் கடை.

உள்ளே மூன்று பேர்.
பப்பிலிருந்து வந்த இருவர்
ஒருவரையொருவர் சுவரென்று நம்பிச் சாய்ந்திருக்கிறார்கள்.
ஒருத்தி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு
மீன்தொட்டியிடம் யாரைப் பற்றியோ புகார் சொல்கிறாள்.
தொட்டியில் மீன் இல்லை,
கோடையிலேயே செத்துப்போயிற்று.
பம்பு மட்டும் குமிழி விடுகிறது,
ம், அப்புறம், என்பதுபோல.

"எப்பவும் போலவா, பெவர்லி?"
எப்பவும் போலத்தான். மெட்ராஸ்.
அப்படி ஓர் ஊர் இருந்ததாம்.
மொஷாயித் பார்த்ததில்லை, அவருக்கு சில்ஹெட்.
நான் பெனிடார்மைத் தாண்டியதில்லை.
அந்த ஊரே அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டது,
அங்கே இப்படியொரு குழம்பும் கிடையாது என்று
டெலிவரிக்குப் போகும் லிமன்
போனைப் பார்த்து ஒருநாள் சொன்னான்.
போகட்டும்.
இங்கே இருக்கிறது. எட்டு பவுண்டு தொண்ணூறு.

சட்டியில் வெங்காயம் விழும் சத்தம்.
நெடி வந்து தொண்டையைப் பிடிக்க
சுவர்கள் இரண்டும் ஒருசேர இருமி விழித்தன.
செருப்புக்காரி மட்டும்
மீனில்லாத மீனிடம் விஷயத்தை முடிக்கவில்லை.

வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல்
பையைப் பிரித்தால்
கோர்மா. அதுவும் இரண்டு.
நான் மூன்று.
சீட்டில் வேறு பெயர்:
டங்கன், 14, ஹெரன் தெரு.
கீழே கிறுக்கலில்,
மணி அடிக்காதீர்கள், பிள்ளை தூங்குகிறது.

கடைக்குப் போன் அடித்தேன்.
அடித்துக்கொண்டே இருந்தது.
தின்றுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்.
மூடியைத் திறந்து முகர்ந்தேன்.
இனிப்பு.
இதைத் தின்ன எனக்கு இன்னும் வயதாகவில்லை.

ஹெரன் தெரு என் பட்டியலில் இல்லை.
பெரிய சாலைகளுக்கும் பஸ் போகும் வழிக்கும்தான் உப்பு,
சந்துகளுக்குக் கணக்கில்லை.
காரை முனையிலேயே விட்டு
கோர்மாவைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு
கண்ணாடித் தரையில் நடந்தேன்.
எட்டாம் எண் வாசலில் வழுக்கி
பன்னிரண்டின் வேலியில் போய் நின்றேன்.

ஜன்னலில் விரலால் தட்டினேன்.
கதவு திறந்தவர்
ஒரு தோளில் துண்டு, மறு தோளில் பிள்ளை,
கன்னமெல்லாம் கண்ணீர்.
என்னவோ நடந்துவிட்டது என்று
ஒரு கணம் பயந்துவிட்டேன்.

"இது உங்களோடதா?"
குரல் கம்மிக் கிடந்தது.
"ஒரு கரண்டிதான். சத்தியமா. ஒரே கரண்டி."

பிள்ளை தூங்கவே இல்லை.
என் ஜாக்கெட்டின் மின்னும் பட்டைகளை
கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தது.
பைகள் கை மாறின.
"பாத்துப் போங்க," என்றார்,
"கவுன்சில்காரங்க இந்தத் தெருவுக்கு
ஒரு சிட்டிகை உப்பு போட்டதில்லை."
ஜாக்கெட்டின் முதுகில்
கவுன்சில் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.
உப்பிட்டவரை நினைக்கச் சொல்வார்கள்;
உப்பிடாதவளை இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.
திரும்பாமல் கொஞ்ச தூரம்
பின்பக்கமாகவே நடந்தேன்.

வீடுவரை பொறுக்கவில்லை.
காரிலேயே, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு,
ஸ்டியரிங்கை மேசையாக்கி.
கண்ணாடி முழுக்க ஆவி பூத்து
தெரு காணாமல் போயிற்று.
குழம்பு ஆறியிருந்தது, காரம் ஆறவில்லை.
அப்பளத்தில் பாதியைக் காணோம்.
கரண்டிக் கணக்கில் அவர் அதைச் சொல்லவில்லை.

தாளைப் பிரித்தேன்.
நான் ஒன்று.
ஓரத்தில் ஒரு கடி குறைந்து.